ஆறுதலா இருந்து கதைக்கப் போன மாநாடுகள்

கொமிக் கொன் எண்டு சொன்னவுடனே எங்களில் பலருக்கு நினைவுக்கு வாறது ஒரு பெரிய மண்டபம், வாசலில் நீண்ட வரிசை, வேஷம் போட்டவர்களோடு செல்ஃபி, கடைகள், மேடையில் ஒரு நடிகர். இதெல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. ரசிகர் மாநாடு என்ற ஒன்று தொடங்கினபோது அதில் விற்க ஒன்றும் இருக்கவில்லை, பார்க்கவும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கடிதத்தில் மட்டும் பழகின ஆக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

ஒன்லைனில் பழகி, பிறகு ஒரு நாள் நேரில் சந்திக்கிற எங்கட தலைமுறைக்கு அந்த ஆசை நல்லாத் தெரியும். அதே ஆசையோடு தொண்ணூறு வருடத்துக்கு முதல் சில பெடியள் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் என்ன நடந்தது, யாருக்குக் கதவு திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

முகவரியோடு வந்த கடிதங்கள்

1926 ஏப்ரலில் நியூயோர்க்கில் ஹ்யூகோ கேர்ன்ஸ்பாக் என்பவர் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். விஞ்ஞானப் புனைகதைகளை மட்டும் வெளியிட்ட முதலாவது ஆங்கிலச் சஞ்சிகை அதுதான். மலிவான தாள், பளீரென்ற அட்டை, அட்டையில் ரொக்கட்டும் ராட்சதப் பூச்சியும். வீட்டில் பெரியவர்கள் கண்டால் பேச்சு விழும் என்ற வகைப் புத்தகம்.

அதன் வாசகர் கடிதப் பகுதியில் கேர்ன்ஸ்பாக் ஒரு வேலை செய்தார். கடிதம் எழுதினவரின் பெயரோடு முழு முகவரியையும் அச்சிட்டார். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் ஒரு சின்ன ஊரில், தன்னைத் தவிர வேறு யாரும் இந்தக் கதைகளை வாசிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, வேறொரு ஊரில் தன்னைப்போல இன்னொரு ஆள் இருக்கிறது என்ற செய்தி முகவரியோடு கைக்கு வந்தது. இனி ஆசிரியருக்கு எழுதவேண்டிய தேவையில்லை. நேரே அந்த ஆளுக்கே எழுதலாம்.

எழுதினார்கள். கடிதம் கழகமாகியது. 1929 டிசெம்பரில் நியூயோர்க்கில் ‘சயன்சியர்ஸ்’ என்ற கழகம் தொடங்கியது. அதன் முதல் தலைவர் வாரன் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஒரு கறுப்பினத்தவர். முதல் கூட்டம் கூடியது ஹார்லெமில் இருந்த அவருடைய வீட்டில். மற்ற உறுப்பினர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெடியள். இந்த வீட்டை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

கழகம் சிற்றேடு ஆகியது. 1930 மே மாதம் சிக்காகோவில் ‘த கொமெட்’ வந்தது. ரசிகர்களே எழுதி, தட்டச்சு செய்து, படியெடுத்து, தபாலில் அனுப்பின முதல் ஏடு அது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இப்படியான ஏடுகளுக்கு ‘ஃபான்சின்’ என்ற பெயர் வந்தது 1940இல். எங்கட ஊரில் றோனியோவில் அடிச்ச சஞ்சிகைகளைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏறத்தாழ அதே வேலை, அதே மையும் அதே கைவலியும். கிளீவ்லண்டில் இப்படியொரு ஏட்டை நடத்தின ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு பெடியள்தான் பிறகு சூப்பர்மேனை உருவாக்கினவர்கள்.

பிலடெல்பியாவா, லீட்ஸா?

முதலாவது ரசிகர் மாநாடு எது என்பதில் இன்றைக்கும் இழுபறி இருக்கிறது.

1936 ஒக்டோபரில் நியூயோர்க்கிலிருந்து ஒரு சிறு குழு பிலடெல்பியாவுக்குப் போனது. டொனல்ட் வோல்ஹைம், வில்லியம் சைக்கோரா, ஃப்ரெடரிக் போல் ஆகியோர் அதில் இருந்தார்கள். பெரும்பாலானோர் பதின்ம வயதினர், அல்லது இருபதைக் கொஞ்சம் தாண்டினவர்கள். பிலடெல்பியா ரசிகர்கள் அவர்களை வரவேற்றார்கள். மில்டன் ரொத்மன் என்பவரின் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். இதை மாநாடு என்று அழைக்கலாமே என்று தீர்மானித்து, வோல்ஹைமைத் தலைவராகவும் போலைச் செயலாளராகவும் வைத்தார்கள். கூட்டக் குறிப்பை எழுதினவர் போல். அதைத் தொலைத்துவிட்டவரும் அவரே.

1937 ஜனவரி 3ஆம் திகதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பிரம்மஞான சபை மண்டபத்தில், இன்னொரு கூட்டம் நடந்தது. இது முன்கூட்டியே அறிவித்து, மண்டபம் எடுத்து நடத்தினது. அதனால் இதுதான் முதல் மாநாடு என்று பிரித்தானியர்கள் சொல்வார்கள். வந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. லண்டனிலிருந்து குளிருக்குள் வந்தவர்களில் 19 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பகலில் அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர், இரவில் ரொக்கட்டைப் பற்றி எழுதுகிறவர். பெயர் ஆர்தர் சி. கிளார்க். பிற்காலத்தில் எங்கட கொழும்பில் வந்து குடியிருந்த அதே கிளார்க்தான்.

எது முதல் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இரண்டிலும் பொதுவாக இருந்த ஒன்றுதான் முக்கியம். இரண்டிலும் பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் ஏற்கனவே ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தவர்கள். கையெழுத்துத் தெரியும், முகம் தெரியாது.

முதல் உலக மாநாடும் மூடின கதவும்

1939 ஜூலை 2ஆம் திகதி நியூயோர்க்கின் கரவன் ஹோலில் முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு தொடங்கியது. நியூயோர்க்கில் அந்த வருடம் உலகக் கண்காட்சி நடந்தது, அதையொட்டியே இதையும் வைத்தார்கள். வந்தவர்கள் 200 பேரளவில்.

லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஃபொரெஸ்ட் அக்கர்மனும் மேர்ட்டில் டக்ளஸும் ரயிலில் வந்தார்கள். இருவரும் எஸ்பரான்டோ மொழிப் பைத்தியங்கள். டக்ளஸ் தன் பெயரின் முதலெழுத்துகளை எஸ்பரான்டோவில் உச்சரித்து ‘மொரோஜோ’ என்று ஒரு புனைபெயர் வைத்திருந்தார். இப்ப நாங்கள் ஒன்லைனில் வைக்கிற பெயர்களுக்கு அதை ஒரு பாட்டி எண்டு சொல்லலாம். எதிர்கால மனிதர்களின் உடை என்று சொல்லி இரண்டு ஆடைகளைத் தைத்தவரும் அவர்தான். இருவரும் அதைப் போட்டுக்கொண்டு நியூயோர்க் வீதியில் நடந்தார்கள். மாநாட்டில் வேஷம் போட்டு வந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டுமே. கொஸ்ப்ளே என்ற சொல் பிறக்க இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தது. நெடுங்காலம் அந்தக் கதையில் அக்கர்மனின் பெயரே முன்னுக்கு நின்றது. தைத்த கையைப் பற்றிப் பிற்பாடுதான் கதைக்கத் தொடங்கினார்கள்.

அதே லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து காசில்லாத இன்னொரு பெடியன், அக்கர்மனிடம் கடன் வாங்கி, பஸ்ஸில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து வந்தான். அவன்தான் ரே பிராட்பரி.

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்குத் திறந்த கதவு, அதே நகரத்தில் இருந்த ஆறு பேருக்குத் திறக்கவில்லை. அந்த ஆறு பேர் வோல்ஹைம், போல், ஜோன் மிஷெல், ரொபர்ட் லவுண்ட்ஸ், சிரில் கோர்ன்பிளத், ஜாக் கில்லெஸ்பி. ‘ஃபியூச்சூரியன்கள்’ என்ற இடதுசாரிச் சாய்வுள்ள குழுவைச் சேர்ந்தவர்கள். விஞ்ஞானப் புனைகதை வாசிக்கிறவர் உலக அரசியலையும் கதைக்கவேண்டும் என்பது அவர்களுடைய வாதம். மாநாட்டை நடத்தின சாம் மொஸ்கோவிட்ஸ், சைக்கோரா, ஜேம்ஸ் டோராசி மூவருக்கும் இவர்கள் குழப்பம் விளைவிப்பார்கள் என்ற சந்தேகம். எதிர்ப்புத் துண்டுப்பிரசுரங்கள் கண்டெடுக்கப்பட்டதும் வாசலிலேயே மறித்துவிட்டார்கள். அதே குழுவைச் சேர்ந்த 19 வயது ஐசக் அசிமோவ் உள்ளே போனார். நண்பர்கள் வெளியே நின்றார்கள்.

கவனித்துப் பாருங்கள். வோல்ஹைமும் சைக்கோராவும் மூன்று வருடத்துக்கு முதல் ஒன்றாகப் பிலடெல்பியாவுக்குப் போனவர்கள். முதல் மாநாட்டின் தலைவராக இருந்தவர், முதல் ‘உலக’ மாநாட்டின் வாசலில் நின்றார். அவரை மறித்தவர்களில் ஒருவர் பழைய பயணத் தோழர்.

ஆங்கில ரசிகர் வரலாற்றில் இதை ஒரு வேடிக்கைச் சண்டையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. பன்னிரண்டு பேர் ஒரு வீட்டில் கூடும்போது சண்டை பிடித்தாலும் ஒரே அறையில்தான் இருக்கவேண்டும். மண்டபம், அழைப்பு, விழாக்குழு என்று வந்தவுடனேயே வாசலில் ஒருவர் நிற்கத் தொடங்குகிறார். யாரை விடுவது, யாரை மறிப்பது என்ற அதிகாரம் அவருடைய கைக்குப் போகிறது. எங்கட ஊர்ச் சங்கங்களிலும் மன்றங்களிலும் இந்த வாசலைக் காணாதவர்கள் குறைவு.

நிகழ்ச்சி நிரல் இல்லாத மாநாடு

போருக்குப் பிறகு மாநாடுகள் ஒழுங்காக நடக்கத் தொடங்கின. வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் உரை, விருந்து, ஏலம் என்று நிரல் நீண்டது. 1949இல் உலக மாநாடு ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் நடந்தது. அடுத்த வருடம் அதே மாநிலத்தில், இந்தியன் லேக் என்ற ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில், அந்தப் பக்கத்து ரசிகர்கள் சின்னதாக ஒன்று கூடினார்கள். அதற்கு மிட்வெஸ்ட்கொன் என்று பெயர். நிகழ்ச்சி என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. வாறது, சாப்பிடுறது, தண்ணிக் கரையில இருந்து விடிய விடியக் கதைக்கிறது, போறது.

அது பிடித்துப்போனதால் வருடாவருடம் நடந்தது. ஐம்பது வருடத்தையும் தாண்டி நடந்தது. இப்படியான கூட்டங்களுக்கு ‘ரிலாக்ஸகொன்’ என்று ஒரு பெயரும் வந்தது. எங்கட தமிழில் அதற்கு அளவான சொல் ஏற்கனவே இருக்கிறது. “ஆறுதலா இருந்து கதைப்பம்” எண்டு சொல்லுவமே, அந்த ஆறுதல்தான்.

லண்டனில் இதற்கு முன்னரே வேறொரு வடிவம் இருந்தது. ஃபெட்டர் லேனில் ‘வைட் ஹோர்ஸ்’ என்ற மதுக்கடையில், போர் முடிந்த பிறகு, ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் ரசிகர்களும் எழுத்தாளர்களும் வந்து இருப்பார்கள். தலைவர் இல்லை, சந்தா இல்லை. வியாழக்கிழமை, இந்தக் கடை, அவ்வளவும்தான் விதி. கிளார்க் அங்கே வழக்கமாகப் போகிறவர். 1957இல் வந்த அவருடைய ‘டேல்ஸ் ஃப்ரொம் த வைட் ஹார்ட்’ தொகுப்பு அந்த மாலைகளிலிருந்து பிறந்தது. ஒருவர் அளக்க, மற்றவர்கள் நம்பாமல் கேட்டுக்கொண்டிருக்கிற கதைகள்.

அறை இலக்கம் 770

1951 செப்டெம்பரில் உலக மாநாடு நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் நடந்தது. அங்கு நடந்த இரண்டு விஷயங்கள் இன்றுவரை பேசப்படுகின்றன. இரண்டும் நிகழ்ச்சி நிரலில் இல்லாதவை.

முதலாவது, லீ ஹொஃப்மன் வந்தது. ஜோர்ஜியா மாநிலத்தின் சவன்னா நகரத்திலிருந்து ‘குவாண்ட்ரி’ என்ற ஃபான்சினை நடத்தினவர் லீ ஹொஃப்மன். அந்தக் காலத்தின் மிகவும் விரும்பப்பட்ட ஏடுகளில் ஒன்று அது. எழுத்தில் நகைச்சுவை, வேலையில் ஒழுங்கு. அமெரிக்கா முழுவதும், கடல் தாண்டியும், அவருக்குக் கடித நண்பர்கள் இருந்தார்கள். லீ என்ற பெயர் ஆணுக்கும் வைக்கலாம், பெண்ணுக்கும் வைக்கலாம். எல்லாரும் ஆண் என்றே நினைத்துக்கொண்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஹோட்டலில் வந்து நின்றது 19 வயதுப் பெண்பிள்ளை.

நண்பர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் ஏடு அதே ஏடுதான், ஆசிரியரும் அதே ஆசிரியர்தான். தலைசிறந்த ஆசிரியர் என்று ஏற்கனவே ஒப்புக்கொண்டவர்களால் இப்ப வந்து அதை வாபஸ் வாங்க முடியாது. பெண் என்று முதலே தெரிந்திருந்தால் அந்த ஏட்டை அப்படி வாசித்திருப்பார்களா? அந்தக் கேள்விக்கு அவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்குள் பதில் சொல்லவேண்டி வந்திருக்கும்.

இரண்டாவது, அறை 770. செயின்ட் சார்ள்ஸ் ஹோட்டலின் அந்த அறையில் சில இளம் ரசிகர்கள் தங்கியிருந்தார்கள். ஓர் இரவு அங்கே ஆக்கள் கூடத் தொடங்கினார்கள். யாரும் அழைக்கவில்லை, யாரும் ஒழுங்கு செய்யவில்லை. கட்டிலில், தரையில், பிறகு நடைபாதையில் என்று சனம் நிறைந்தது. விடியும்வரைக்கும் அது கலையவில்லை. மாநாட்டு மேடையில் யார் என்ன உரையாற்றினார் என்பதை வந்தவர்கள் மறந்துவிட்டார்கள், அந்த அறையை மறக்கவில்லை. 1978இல் தொடங்கி ரசிகர் செய்திகளுக்கென்றே வரும் ‘ஃபைல் 770’ என்ற ஏட்டின் பெயர் அந்த அறையிலிருந்து வந்தது.

இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட ஏலாது. 1951இல் நியூ ஓர்லியன்ஸ் ஹோட்டல்கள் இனப் பிரிவினையின் கீழ் நடந்தவை. அறை 770இன் கதவு இரவு முழுக்கத் திறந்திருந்தது. ஹோட்டலின் முன்கதவோ கறுப்பின மக்களுக்குத் திறக்கவேயில்லை. 1929இல் தன் வீட்டைத் திறந்துகொடுத்து ஒரு கழகத்துக்குத் தலைமை தாங்கின வாரன் ஃபிட்ஸ்ஜெரால்டைப் போன்ற ஒருவர், 22 வருடங்களுக்குப் பிறகு இந்த மாநாட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்க முடியாது. சும்மா கதைக்கிற இடத்துக்கு விதி தேவையில்லை என்று நாங்கள் நினைக்கிறம். ஏற்கனவே இருக்கிற விதிகள் அங்கேயும் கூடவே வந்துவிடுகின்றன.

பெல்ஃபாஸ்டில் ஒரு மேல்மாடி

லீ ஹொஃப்மனின் கடல்கடந்த கடித நண்பர்களில் ஒருவர் வால்ட் வில்லிஸ். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் அரசாங்க உத்தியோகத்தர், புரட்டஸ்தாந்துக்காரர். அவருடைய வீட்டு மேல்மாடியில் ஒரு கை அச்சு இயந்திரம் இருந்தது. எழுத்து எழுத்தாகக் கோத்து ‘ஸ்லாண்ட்’ என்ற ஏட்டை அச்சடித்தார். கூட இருந்து எழுத்துக் கோத்து, படம் செதுக்கிக் கொடுத்தவர் ஜேம்ஸ் வைட். உடுப்புக் கடையில் வேலை செய்தவர், கத்தோலிக்கர். அந்த இரண்டு சமூகங்களும் வேறு வேறு பாடசாலைகளில் படித்து, வேறு வேறு தெருக்களில் வாழ்ந்த நகரத்தில், இரண்டு பேரும் ஒரு மேல்மாடியில் ஒன்றாக மை பூசிக்கொண்டிருந்தார்கள். அச்சு வேலை அலுத்தால் மட்டைத் துண்டுகளைத் துடுப்பாக்கி, தாங்களே கண்டுபிடித்த ஒரு பட்மின்டனை அதே அறையில் விளையாடினார்கள்.

வைட் பிறகு பெயர் பெற்ற எழுத்தாளரானார். வேறு வேறு கிரகத்து உயிர்கள் ஒன்றுக்கொன்று வைத்தியம் பார்க்கிற விண்வெளி ஆஸ்பத்திரி ஒன்றைப் பற்றிய ‘செக்டர் ஜெனரல்’ கதைகளை எழுதினவர் அவர்தான். அந்த ஆஸ்பத்திரியில் மற்றவர் எந்தச் சாதி உயிர் என்று கேட்பது வைத்தியம் செய்வதற்காக மட்டும்தான். அந்தக் கதைகளை வாசிக்கும்போது எனக்கு அந்த மேல்மாடிதான் நினைவுக்கு வரும்.

வில்லிஸை நேரில் பார்க்கவேண்டும் என்று அமெரிக்க நண்பர்களுக்கு ஆசை. கப்பல் செலவு அவருக்குக் கட்டாது. ஷெல்பி விக் என்ற ரசிகர் சிறு சிறு தொகையாகக் காசு சேர்க்கத் தொடங்கினார். 1952இல் வில்லிஸ் கப்பலேறிப் போய், சிக்காகோ உலக மாநாட்டில் கலந்துகொண்டு, அமெரிக்காவைச் சுற்றித் தன் கடித நண்பர்களைக் கண்டு திரும்பினார். அந்தப் பயணத்தை நகைச்சுவையோடு விரிவாக எழுதியும் வைத்தார். இதன் தொடர்ச்சியாக 1953இல் அட்லாண்டிக் கடந்த ரசிகர் நிதி உருவானது. ஒருமுறை அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், மறுமுறை இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர். யார் போவது என்பதை ரசிகர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்தார்கள்.

பெரிய பேச்சாளரை வரவழைக்கச் சேர்த்த காசு இல்லை இது. “உம்மோட எழுத்தை வாசிச்சிருக்கிறம், ஒருக்கா வந்து எங்களோட இருந்திட்டுப் போம்” எண்டு ஒரு நண்பனைக் கூப்பிடச் சேர்த்த காசு.

முகம் காட்டாத நண்பர்கள்

தபாலில் பழகுவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1950களில் கலிபோர்னியாவில் கார்ல் பிராண்டன் என்ற ரசிகர் பிரபலமாகினார். கூர்மையான நையாண்டி எழுத்து. தான் ஒரு கறுப்பினத்தவர் என்பதும் கடிதங்கள் வழியாகத் தெரியவந்தது. சில வருடங்களுக்குப் பிறகு உண்மை வெளிவந்தது. அப்படி ஓர் ஆளே இல்லை. டெரி கார், பீட் கிரஹம் முதலிய சில வெள்ளையின இளைஞர்கள் சேர்ந்து உருவாக்கின ஆள்.

பலர் சிரித்தார்கள். ஆனால் யோசித்தால் வலிக்கிற ஒரு பகிடி அது. அந்த வட்டத்தில் மிகப் பிரபலமான கறுப்பின ரசிகர், இல்லாத ஒரு ரசிகர். 1999இல் விஞ்ஞானப் புனைகதைத் துறையில் வெள்ளையரல்லாத எழுத்தாளர்களும் வாசகர்களும் ஓர் அமைப்பைத் தொடங்கினபோது, வேண்டுமென்றே அதற்குக் கார்ல் பிராண்டன் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். கற்பனை ஆளின் பெயரை உண்மையான ஆக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஜேம்ஸ் டிப்ட்ரி ஜூனியரின் கதை இதற்கு எதிர்ப்பக்கம். 1960களின் கடைசியிலிருந்து சிறுகதைகளால் புகழ்பெற்றவர். அர்சுலா லெ குவின், ஜோனா ரஸ் போன்றவர்களோடு நெருக்கமான கடித நட்பு. ஆனால் எந்த மாநாட்டுக்கும் வரமாட்டார். காரணம், டிப்ட்ரி என்பது அலிஸ் ஷெல்டன் என்ற பெண். 1970களின் நடுப்பகுதிக்குப் பிறகு அது வெளியானது. நண்பர்கள் நண்பர்களாகவே இருந்தார்கள். ஆனாலும் அந்தப் பத்து வருடமும் அவர் ஒரு மாநாட்டு அறையின் தரையில் இருந்து அவர்களோடு சிரிக்கவில்லை. முகம் மறைத்தால் சுதந்திரம் கிடைக்கும். அதற்கு இப்படி ஒரு விலையும் உண்டு. ஒன்லைனில் வேறு பெயரில் இருக்கிற எங்கட தோழியரில் பலருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சனம் பெருத்த பிறகு

1972 ஜனவரியில் நியூயோர்க்கின் ஸ்டாட்லர் ஹில்டன் ஹோட்டலில் ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர்கள் ஒரு மாநாடு வைத்தார்கள். ஒழுங்கு செய்தவர்களில் டெவ்ரா லாங்சம், ஜோன் வின்ஸ்டன் போன்ற பெண்கள் முன்னின்றார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். மூவாயிரத்துக்கு மேல் வந்தார்கள். சான் டியாகோவில் 1970இல் நூறு பேரளவில் தொடங்கின கொமிக் கொன் இன்றைக்கு ஒரு இலட்சத்தைத் தாண்டின கூட்டம். இவ்வளவு சனம் வந்தால் பாதுகாப்பு வேண்டும், பெரிய மண்டபம் வேண்டும், அதற்குக் காசு வேண்டும், காசுக்கு நிறுவனங்கள் வேண்டும். ரசிகர் மெல்ல மெல்ல வாடிக்கையாளர் ஆகிறார்.

இதற்கு ஜப்பானியர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். 1975 டிசெம்பர் 21இல் டோக்கியோவில் கொமிக்கெட் தொடங்கியது. 32 குழுக்கள், 700 பேரளவில் வந்தவர்கள். இன்று அதற்கு இலட்சக்கணக்கில் சனம் வருகிறது. ஆனாலும் அதன் அடிப்படைக் கொள்கை மாறவில்லை. அங்கே வாடிக்கையாளர் என்று ஒருவரும் இல்லை. விற்பவரும் வாங்குபவரும் தொண்டரும் எல்லாரும் பங்குபற்றுநரே. நடைமுறையில் அது எவ்வளவு தூரம் உண்மை என்பது வேறு கதை. ஆனால் அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கே ஒரு பெறுமதி இருக்கிறது.

கொழும்பிலிருந்து ஒரு மோடம்

லீட்ஸ் மண்டபத்துக்கு வந்த 19 வயது இளைஞர் 1956இல் இலங்கைக்குக் குடிவந்தார். 2008 மார்ச் மாதம் இறக்கும்வரை இங்கேதான். அவர் 1945இலேயே, செய்மதிகளைப் பூமத்திய ரேகைக்கு மேலே நிறுத்தி உலகம் முழுவதும் தகவல் அனுப்பலாம் என்று கட்டுரை எழுதினவர். 1983இல் அவருடைய ‘2010’ நாவலைப் படமாக்க ஆயத்தமான பீட்டர் ஹையம்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார், கிளார்க் கொழும்பில். இரண்டு கேப்ரோ கணினிகளையும் மோடங்களையும் வைத்துக்கொண்டு இருவரும் அன்றாடம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்து ‘த ஒடிசி ஃபைல்’ என்று பிறகு புத்தகமாகவும் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தொலைபேசி அழைப்பே பெரிய விஷயமாக இருந்த அந்தக் காலத்தில், எங்கட தீவின் தலைநகரத்தில் ஒரு மனிதர் வீட்டிலிருந்தபடியே ஒன்லைனில் நட்பு வளர்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முரணில்தான் எனக்கு இந்த வரலாறு எங்களோடு ஒட்டுகிறது. தொடர்புச் சாதனம் எப்போதும் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் வருவதில்லை, மாநாட்டு வாசலும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. இப்ப சாதனம் எங்கட கையில் இருக்கிறது. மன்னாரில் இருந்து ஒருத்தி, ஹட்டனில் இருந்து ஒருத்தன், அக்கரைப்பற்றில் இருந்து இரண்டு பேர், ஸ்காபரோவில் இருந்து ஒரு மச்சாள் என்று ஒரே அனிமேயைப் பற்றி இரவிரவாக அடிபடுகிற குழுக்கள் எங்களில் எத்தினை பேருக்கு இருக்கு!

அவர்கள் சந்திக்கிறதுக்குக் கொழும்பில் நடக்கிற பெரிய கொமிக் கொன் மட்டும்தான் வழி என்றில்லை. மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நன்றியுரை இல்லாமல் ஒரு கூட்டம் நடத்த ஏலும் எண்டதை இந்த வரலாறு காட்டுகிறது. ஒரு வீட்டு விறாந்தை போதும், பிளேன்ரீயும் பணிஸும் போதும். ஆனால் மற்றதையும் அது காட்டுகிறது. நிரல் இல்லாத இடத்திலும் வாசல் இருக்கும். தூரத்தில் இருந்து வாறவருக்குப் பஸ் காசு யார் சேர்ப்பது, இரவுக்கு முன் வீடு திரும்பவேண்டிய பெண்பிள்ளைக்கு ஏற்ற நேரம் எது, எந்த மொழியில் கதைத்தால் ஒருவர் மூலையில் தனிச்சு இருக்கமாட்டார், எல்லாரும் ஏறக்கூடிய வீடா அது — இந்தக் கேள்விகளைச் சந்திப்புக்கு முதலே யாராவது கேட்கவேணும். ஷெல்பி விக் சில்லறை சேர்த்ததும், ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் வீட்டைத் திறந்ததும் அந்த வேலைதான்.